இருபத்து மூன்றாம் டோக்கன்

தாம்வே சந்தைக்குப் பின்னால், மூன்றாவது சந்தில் என் கடை.
ஊருக்கே கரண்டு போனால்தான்
எனக்கு வியாபாரம்.
லாரி பேட்டரி இரண்டு, ஒரு இன்வெர்ட்டர்,
பிளக் செருகச் செருகத் தளர்ந்துபோன நீளப் பலகை.
செல்போனுக்கு ஐந்நூறு சாட், டார்ச்சுக்கு முந்நூறு.
யாருடையது எது என்று தெரிய
ஆணியால் எண் குத்திய தகர டோக்கன்,
ஒன்றிலிருந்து நாற்பது வரை.

இருபத்து மூன்றுக்கு மட்டும் தினம் சண்டை.

சாரம் கட்டுகிற சந்தானகோபால்
(பதிவேட்டில் கோ தெட் நைங்)
அது ஜோர்டான் போட்ட நம்பர் என்பான்.
"ஆறு தடவை இறுதிக்குப் போனான், ஆறையும் வாங்கினான்.
ஏழாவது ஆட்டம்னு ஒண்ணு ஆட விட்டானா?"

கண்ணாடிக் கடை ஷேக் மதார் விடுவாரா.
"லெப்ரான் முதுகுல என்ன, முப்பதா எழுதியிருக்கு?
இருபது வருஷம் தாண்டியும் ஓடுறான்.
உங்க ஆளு நடுவுல
பேஸ்பால் ஆடப் போனவருதானே."

ரேஷன் எண்ணெய் டப்பாமேல் உட்கார்ந்து
லாசரஸ் விரல்களை விரிப்பார்:
"பில் ரஸ்ஸல். மோதிரம் பதினொண்ணு.
மனுஷனுக்கு விரலே பத்துதான்யா."

அங்கே ராத்திரி ஆட்டம், இங்கே விடிகாலை.
விடிகாலையில்தான் எங்கள் பேட்டைக்கு இருட்டு முறை.
முழு ஆட்டம் பார்த்தவர் இவர்களில் ஒருவரும் இல்லை.
துண்டு துண்டாய் வந்து சேரும் படம்
பாதியில் நின்றுவிடும்.
காற்றில் நிற்கத் தெரிந்தவன் ஜோர்டான் ஒருவனே
என்கிறான் சந்தானம்.
எங்கள் சிக்னலில்
எல்லோரும்தான் நிற்கிறார்கள்,
வளையத்துக்கு ஒரு சாண் கீழே,
வாய் பிளந்தபடி.

அன்று மழை. பேச்சு சேம்பர்லைனுக்குத் திரும்பியது.
ஒரே ஆட்டத்தில் நூறு புள்ளி.
"படம் இருக்கா?" என்றார் மதார்.
படம் இல்லை.
கடைசிக் கால்பகுதிக்கு ரேடியோக் குரல் இருக்கிறதாம்,
தாளில் நூறு என்று எழுதிப் பிடித்தபடி ஒரு போட்டோ இருக்கிறதாம்.
"அப்ப அதைக் கணக்குல சேக்காதீங்க."
மூன்று பேரும் முதல்முறையாக ஒத்துப்போனார்கள்.

நான் ஒரு சார்ஜர் பின்னுக்குப் பற்றவைத்துக்கொண்டிருந்தேன்.
ஈயம் ஒரு சொட்டு அதிகமாய் விழுந்தது.

மோல்மீனில், பத்தாம் வகுப்பில்,
இதே மாதிரி மழை.
பந்து ஊறிப் பூசணிக்காயாய்க் கனத்தது.
வளையத்தில் வலை கிடையாது,
விழுந்ததா இல்லையா என்று ஒவ்வொரு தடவையும் தகராறு.
முப்பத்தொன்று போட்டேன்.
கடைசி நாலு இடது கையால்,
வலது மணிக்கட்டு வீங்கிவிட்டதால்.
ஸ்கோர் நோட்டில் மை கரைந்து ஓடியது.
எழுதியவள் இப்போது பினாங்கில்.
எதிரணிப் பெண் ஒருத்தி
என் சட்டையைப் பின்னாலிருந்து இறுக்கிப் பிடித்து
பர்மியத்தில் சொன்னாள்: போதும்டீ, போதும்.
அவள் பெயரும் தெரியாது.

இவர்களிடம் சொன்னதில்லை. சொன்னால் கேட்பார்கள்,
படம் இருக்கா.

அப்போது குடையை மடக்கியபடி
ரோஜா நிற அங்கியில் ஒரு பிக்குணி வந்தார்.
கையில் செத்த டார்ச்.
ஆணியில் முதலில் தொங்கியதை எடுத்துக் கொடுத்தேன்.
இருபத்து மூன்று.
சந்தானம் மதாரைப் பார்த்தான்,
மதார் தரையைப் பார்த்தார்.
அந்தம்மா தகரத்தை முந்தானையில் முடிந்துகொண்டு
மழையோடு போய்விட்டார்.

"மீ லா ப்யீ!"
தெருவே ஒரே குரலில் கத்தியது, கரண்டு வந்துவிட்டது.
பிடுங்கினார்கள், ஓடினார்கள்,
பாதி சார்ஜோடும் பாதி வாதத்தோடும்.
மீதிச் சில்லறைக்காக மதார் மட்டும் நின்றார்.
சும்மாதான் கேட்டார்:
"நீ யாரைம்மா சொல்லுவே?"

"சேம்பர்லைனை."

"அதுக்குத்தான் படம் இல்லையே" என்று சிரித்தார்.
இருநூறு சாட்டை எண்ணி அவர் கையில் வைத்தேன்.
வீங்கி ஆறிய மணிக்கட்டு
மழைக்கு இன்னும் கொஞ்சம் வலிக்கும்.

பலகையில் ஒன்றே ஒன்று மிச்சம்,
டார்ச்.
அதன் சிவப்புப் பொட்டு
பச்சையாக இன்னும் நேரமிருந்தது.